தபசுகாலமும் சமையலறையும்

கத்தோலிக்க மக்கள் நெருங்கி வாழும் ஊர்களில், தபசுகாலம் வருகிறது என்பதைக் கோவில் மணிக்கு முன்பாகவே அறிவித்துவிடுகிறவர் கறிக்கடைக்காரர். விபூதிப் புதனுக்கு முந்தின ஞாயிறும், அடுத்து வரும் திங்களும் செவ்வாயும் அவருக்கு நல்ல வியாபாரம். நாற்பது நாளைக்கும் சேர்த்துச் சாப்பிட்டு வைத்துவிடுவது என்ற தீர்மானத்துடன் குடும்பஸ்தர்கள் பையும் கையுமாக அவர் கடை வாசலில் நிற்பார்கள். புதன்கிழமை காலையில் எல்லோர் நெற்றியிலும் சாம்பல். அன்று முதல் வீட்டில் விரதம். இதுவரையில் விஷயம் சுலபமானதுதான். அந்த வீட்டில் விரதம் இருப்பவர் யார், அந்த விரதத்துக்காக உழைப்பவர் யார் என்று கேட்டால் மட்டும் சற்றுச் சங்கடமாகப் போகிறது.

வீட்டு எஜமானர் ஒருசந்தி பிடிக்கிறார். மத்தியானம் ஒரே வேளைதான் முழுச் சாப்பாடு. ஆகையால் அது மணிப்பிரகாரம் தயாராக இருக்க வேண்டும், கொஞ்சம் விசேஷமாகவும் இருக்க வேண்டும். பாட்டியம்மாள் நாற்பது நாளும் சுத்தபோசனம். முட்டையும் மீனும் வெந்த பாத்திரத்தைக்கூடத் தொட மாட்டார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு வழக்கமான சாப்பாடு. கைக்குழந்தைக்குத் தனிக் கஞ்சி. இத்தனையையும் ஒரே அடுப்பில் வெவ்வேறு வேளையில் சமைத்து இறக்குகிற அம்மாள் தாமும் ஒருசந்திதான். ஆனால் அவருடைய ஒருசந்தியை யாரும் கவனிப்பதில்லை. தபசுகாலத்தில் நம் வீடுகளில் சமையல் வேலை குறைவதற்குப் பதில் கூடுகிறது என்பதை எந்த வீட்டுப் பெண்மணியைக் கேட்டாலும் சொல்லுவார். விரதத்தால் வீட்டில் வேலையும் குறையவில்லை, செலவும் குறையவில்லை என்றால், அந்த விரதம் எங்கேயோ தடம் மாறிப் போயிருக்கிறது என்பது நம்முடைய துணிபு. குடும்பமாக அநுஷ்டிக்கும் தபசுக்கு இதைவிட நல்ல உரைகல் நமக்குத் தோன்றவில்லை.

முதலில் திருச்சபையின் சட்டம் என்ன கேட்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. கேட்காததையெல்லாம் சட்டம் என்றும், கேட்டதைச் சௌகரியம் என்றும் எண்ணி நடப்பவர்கள் அநேகர். விபூதிப் புதன் தொடங்கிப் பெரிய சனிக்கிழமை வரையில் 46 நாள். அதில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் உயிர்ப்பின் நாட்கள் ஆகையால் தபசுக் கணக்கில் சேரா, மிச்சம் 40. 1917ஆம் வருஷத்துச் சட்டத் தொகுப்பின்படி, 21 வயது நிறைந்தவர்கள் தபசுகாலத்தின் எல்லா வாரநாட்களிலும் ஒருசந்தி இருக்க வேண்டும் என்பது பொது விதி; பல தேசங்களுக்குச் சலுகைகள் இருந்தன. 1966இல் 6ஆம் பவுல் பாப்பரசர் அதைத் தளர்த்தினார். 1983ஆம் வருஷத்துச் சட்டத் தொகுப்பும் அதே வழியைப் பின்பற்றுகிறது. அதன்படி ஒருசந்தி விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் ஆகிய இரண்டே நாள். 18 வயது நிறைந்தவர்கள் 59 வயது நிறையும் வரையில் கட்டுப்பட்டவர்கள். மாமிசம் விலக்கும் சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு, விபூதிப் புதனும் எல்லா வெள்ளிக்கிழமைகளும். தபசுகாலத்தில் பெரிய வெள்ளி உட்பட ஏழு வெள்ளிக்கிழமைகள் வருகின்றன. ஆக மொத்தம் எட்டு நாள். வெள்ளிக்கிழமையன்று பெருவிழா ஒன்று வந்தால் அன்றைக்கு அந்தக் கடமையும் இல்லை. மார்ச் 19ஆம் தேதி சூசையப்பர் திருநாள் சில வருஷங்களில் அப்படி வருவதுண்டு. நோயாளிகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், உடலை வருத்தி உழைப்பவர்கள் ஆகியோரை ஒருசந்தி என்று சொல்லி யாரும் வருத்தலாகாது. சர்க்கரை வியாதிக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் பக்தி மேலீட்டால் வைத்தியரைக் கேளாமல் பட்டினி கிடப்பது புண்ணியமல்ல, அபாயம்.

சட்டம் கேட்பது இவ்வளவு கொஞ்சம். மீதியைக் குடும்பங்களே ஆலோசித்துச் செய்துகொள்ளட்டும் என்று விட்டிருக்கிறது. நாம் அந்த ஆலோசனையைச் செய்வதில்லை என்பதுதான் குறை.

இந்த வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனத்தையே எடுத்துக்கொள்வோம். மாமிசம் அன்றாட உணவாக இருக்கும் மேல்நாட்டில் அது ஒரு தியாகம். தமிழ்நாட்டு மத்தியதர வீடுகளில் கறி எடுப்பது ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை அடுத்த வீட்டு ஹிந்து சகோதரர்களில் பலரும் கறி சமைப்பதில்லை, நாமும் சமைப்பதில்லை. ஆகவே வருஷம் முழுவதும் வெள்ளிக்கிழமை சாம்பார் சாதம் சாப்பிடுகிற குடும்பம், தபசுகாலத்து வெள்ளியிலும் சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டுக் கடமை தீர்ந்தது என்கிறது. சட்டப்படி தீர்ந்ததுதான். ஆனால் அந்த வீட்டில் அன்று எதுவும் மாறவில்லை; பிள்ளைகளுக்கு அது விரத நாள் என்றே தெரியாது.

இன்னொரு வகையினர் இருக்கிறார்கள். இவர்கள் கறியை விட்டு மீனுக்குப் போகிறவர்கள். மீனுக்குச் சட்டத்தில் தடை இல்லை. தடை இல்லையென்ற ஒரே காரணத்தால், மற்ற நாட்களில் மத்தி மீன் வாங்குகிற வீட்டில் தபசுகாலத்து வெள்ளிக்கிழமை வஞ்சிரத் துண்டம் வறுபடுகிறது. ஆட்டுக்கறியைக் காட்டிலும் அதிக விலை கொடுத்து அநுஷ்டிக்கும் இந்தத் தவத்தைப் பற்றி நாம் அதிகம் சொல்ல விரும்பவில்லை. தூத்துக்குடிக் கரையிலும் குமரி முனைக் கரையிலும் வாழும் மக்களுக்கோ மீன்தான் தினசரி உணவு. அவர்கள் கறியை விலக்குவதில் கஷ்டம் ஏதுமில்லை. அந்தக் குடும்பங்களுக்கு வேறோர் ஒருசந்தி இருக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. படகுகளில் கூலிக்குப் போகிறவர்களின் வீட்டில் பாஸ்குத் திருநாள் முடியும் வேளையில் அந்த நோன்பு ஆரம்பமாகிறது. அதற்குச் சலுகையும் இல்லை, வயது வரம்பும் இல்லை.

ஆகையால் ஒவ்வொரு குடும்பமும் தனக்கு எது உண்மையில் குறையாகத் தெரியும் என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டும். சிலர் வீட்டில் அது வாரம் இரண்டு முறை ஹோட்டலிலிருந்து வரும் புரோட்டாப் பொட்டலமாக இருக்கலாம். சிலர் வீட்டில் சாயங்காலத்து வடையும் பஜ்ஜியுமாக இருக்கலாம். நம் ஜனங்களில் பெரும்பாலோருக்கு வெள்ளிக்கிழமை காலைக் காப்பியை நிறுத்தச் சொன்னால், அப்போதுதான் தபசு என்பதன் பொருள் விளங்கும் என்று நமக்கு ஒரு சந்தேகம். கைபேசியும் அப்படித்தான். இரவுச் சாப்பாட்டு வேளையில் வீட்டிலுள்ள கைபேசிகளையெல்லாம் ஒரு கூடையில் போட்டு அலமாரியில் வைத்துவிடுவது என்று நாற்பது நாளைக்குத் தீர்மானித்தால், முதல் வாரம் யாரும் பேச விஷயம் இல்லாமல் தவிப்பார்கள். இரண்டாவது வாரம் பேசத் தொடங்குவார்கள். இதில் பெரியவர்கள் விதிவிலக்குக் கேட்கக்கூடாது. ஆபீஸ் காரியம் என்ற சமாதானம் பிள்ளைகளிடம் செல்லாது.

சமையலறைக்கு வருவோம். நாம் சொல்லக்கூடிய யோசனை ஒன்றுதான்: விரத நாளில் வீடு முழுவதற்கும் ஒரே பாத்திரம். கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் பெரிய வெள்ளியன்று கஞ்சியும் பயறும் சாப்பிடுவது நெடுங்கால வழக்கம். பல கோவில்களில் வழிபாடு முடிந்ததும் அங்கேயே எல்லோருக்கும் கஞ்சி வார்ப்பார்கள். அந்தக் கஞ்சியைப் பெரிய வெள்ளிக்கு மட்டும் ஒதுக்கிவைப்பானேன்? தபசுகாலத்து ஏழு வெள்ளிக்கிழமை இரவுகளிலும் வீட்டில் கஞ்சி, பச்சைப்பயறு, ஒரு துவையல் என்று வைத்துக்கொள்ளலாம். கேழ்வரகுக் கூழும் முருங்கைக் கீரையும் இன்னும் விசேஷம். பெரியவருக்குக் கஞ்சி, சின்னவருக்குத் தோசை என்று பிரிக்கக்கூடாது. குழந்தைகளும் வயிறு நிறையச் சாப்பிடட்டும்; பட்டினி போடச் சொல்லவில்லை. எல்லோரும் ஒன்றையே சாப்பிடுகிறோம் என்பதுதான் இதிலுள்ள தபசு. ஒரு பானை கஞ்சியை ஆண்பிள்ளைகளும் இறக்கலாம். அந்த ஏழு இரவும் அடுப்பும் பாத்திரம் துலக்குவதும் அப்பாவும் பிள்ளைகளும் என்று ஏற்பாடு செய்துவிட்டால், அம்மாளுக்கு வாரத்தில் ஒரு மாலை மிஞ்சும். தம் ஒருசந்தியை அடுப்படிப் புகையில்லாமல் ஜெபத்தில் கழிக்க அவருக்கு அது போதும். வேலைக்காரி வைத்துக்கொள்ளும் வீடுகளில் அவளுக்கும் அன்று சாயங்காலம் விடுமுறை கொடுக்கலாம். சம்பளத்தில் பிடித்தம் இல்லாமல்தான்.

மிச்சமானது எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. 5ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் ஆட்சி செய்த மகா சிங்கராயர் என்னும் லியோ பாப்பரசர், தபசுகாலப் பிரசங்கங்களில் இந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப வற்புறுத்தினார். உண்ணாமல் விட்டது ஏழையின் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அவருடைய கருத்து. அவருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியே இசையாஸ் தீர்க்கதரிசியின் ஆகமம் 58ஆம் அதிகாரத்தில் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. உபவாச நாளிலேயே வேலையாட்களை வாட்டி வதைக்கிறவர்களின் உபவாசத்தை ஆண்டவர் ஏற்றுக்கொள்வதில்லை என்பதை அங்கே காணலாம். வயிற்றைக் குறைத்துப் பெட்டியைப் பெருக்கிக்கொள்வதற்குச் சிக்கனம் என்று பெயர். அது நல்ல குணம்தான், தபசு அல்ல.

இதைச் சிறு பிள்ளைகளுக்கும் விளங்கும்படி செய்த ஒரு ஏற்பாடு, 1975இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா ராஜ்யத்தில் அலென்டவுன் என்ற ஊரில் தொடங்கியது. வீட்டுக்கு ஒரு சிறிய அட்டைப் பெட்டி. அதற்கு அரிசிக் கிண்ணம் என்று பெயர். எளிய சாப்பாடு சாப்பிட்ட நாளில் மிச்சமான காசை அதில் போட்டு, தபசுகால முடிவில் பசித்த நாடுகளுக்கு அனுப்பினார்கள். பிற்பாடு அது தேசம் முழுவதும் பரவியது. அமெரிக்காவைப் பார்த்துத்தான் நாம் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. பிடியரிசி என்பது நம் பெண்களுக்குப் பழகிய வார்த்தை. உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, எத்தனையோ கோவில் காரியங்களையும் பொதுக் காரியங்களையும் அவர்கள் நடத்திக் காட்டியிருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிடி 40 கிராம் என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு இரண்டு உலைக்கு 80 கிராம். 46 நாளில் மூன்றரைக் கிலோவுக்கு மேல் சேர்ந்துவிடுகிறது. ஐம்பது வீடுள்ள ஒரு தெருவில் 180 கிலோ. வீட்டில் யாருக்கும் ஒரு கவளம் குறைந்திருக்காது.

அந்தக் கலயத்தின் அருகில் ஒரு சிறு உண்டியலும் இருக்கட்டும். புரோட்டா வாங்காத நாளில் புரோட்டாவின் விலையை அன்றைக்கே அதில் போட்டுவிட வேண்டும். மாதக் கடைசியில் போடலாம் என்று வைத்துக்கொண்டால், மாதக் கடைசியில் நம் கையில் என்ன இருக்கும் என்பது சம்பளக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பணத்தை யாருக்குக் கொடுப்பது என்பதைத் தபசுகாலத் தொடக்கத்திலேயே குடும்பத்தார் கூடி முடிவு செய்வது நல்லது. தெருக்கோடியில் பிள்ளைகள் கைவிட்ட கிழவி ஒருவர் இருக்கலாம். கடலுக்குப் போகத் தடை வரும் மாதத்தில் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட முடியாத வீடு ஒன்று இருக்கலாம். இன்னாருக்கு என்று தெரிந்தால் பிள்ளைகள் உண்டியலை மறக்க மாட்டார்கள். பெயர் தெரியாத ஏழைகளுக்கென்று சேர்த்தால் மூன்றாவது வாரம் அதில் தூசி படிந்திருக்கும். கொடுக்கும்போது படம் பிடித்து ஊருக்குக் காட்ட வேண்டாம். விபூதிப் புதனன்று கோவிலில் வாசிக்கும் மத்தேயு சுவிசேஷத்தின் 6ஆம் அதிகாரம் இதைப் பற்றித்தான் பேசுகிறது. விரதம் இருப்பவன் முகம் கழுவித் தலைக்கு எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும் என்பதும் அங்கேதான் வருகிறது. எண்ணெய்க் குளியலின் அருமை தெரிந்த தமிழர்களுக்கு இந்தப் பகுதிக்கு வியாக்கியானம் வேண்டியதில்லை. ஆனாலும் ஒருசந்தி நாளில் நம் வீட்டுப் பெரியவர்கள் சிலருடைய முகத்தைப் பார்த்தால், இந்த அதிகாரம் அவர்கள் காதில் விழவில்லையோ என்று தோன்றுகிறது. பசியில் வருகிற கோபத்தைப் பிள்ளைகள் மீதும் மனைவி மீதும் காட்டுவதானால், அவர்கள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுச் சாந்தமாக இருப்பதே வீட்டுக்கு உபகாரம்.

பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தபசுகாலம் மாசி, பங்குனியில் வருவதால் பொதுத் தேர்வுகளோடு வந்து மோதுகிறது. பள்ளிக்கூடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் கழித்துவிட்ட நாம், மார்ச் மாதத்துத் தேர்வு மண்டபத்தில் வெறும் வயிற்றுடன் மயங்கி விழுந்த பெண்பிள்ளைகளைக் கண்டிருக்கிறோம். நல்ல மதிப்பெண் கிடைக்க வேண்டுமென்று தாயார் சொல்லி ஒருசந்தி இருந்ததாகச் சொல்லுவார்கள். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஒருசந்திக் கடமையே இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பவர்களிலும் பெரும்பாலோர் 18 வயது நிறையாதவர்கள். தேர்வுக்கு லஞ்சமாக விரதம் இருப்பது விரதமும் ஆகாது, படிப்பும் ஆகாது. அந்த வயதுப் பிள்ளைகளுக்கு வேறு தபசு இருக்கிறது. கணக்கு வராத தோழனுக்குத் தினம் அரைமணி நேரம் சொல்லிக்கொடுப்பது, தம்பி தங்கைகளிடம் எரிந்து விழாமல் இருப்பது, தாம் சாப்பிட்ட தட்டைத் தாமே கழுவுவது இவையெல்லாம் சுலபமான காரியங்கள் அல்ல. சந்தேகமிருப்பவர்கள் மூன்றாவதை மட்டும் ஒரு வாரம் செய்யச் சொல்லிப் பார்க்கலாம்.

சிறு குழந்தைகளை வெள்ளிக்கிழமை தோறும் சிலுவைப் பாதை முழுவதற்கும் முழந்தாளிட வைப்பது, அவர்களுக்கு ஜெபத்தின் மீதே வெறுப்பு உண்டாக்கும் வழி. ஸ்தலங்கள் 14; வெள்ளிக்கிழமைகள் ஏழு. வாரத்துக்கு இரண்டு ஸ்தலம் வீதம் வீட்டில் தியானித்தால் பெரிய வெள்ளியன்று கல்லறையில் கொண்டுபோய் முடித்துவிடலாம். ஒவ்வொரு வாரமும் அந்த இரண்டு காட்சிகளையும் குழந்தை தன் கையால் வரைந்து சுவரில் ஒட்டட்டும். படம் கோணலாக இருந்தாலும் பாதகமில்லை.

பெரியவர்களுக்கு வாசிப்பு வேண்டும். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தபசுகாலத்து இரவுகளில் வியாகுலப் பிரசங்கத்தை ஒருவர் இராகத்தோடு வாசிக்க மற்றவர்கள் உட்கார்ந்து கேட்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக வந்தது. கோவாவிலிருந்து இலங்கைக்குப் போய் அங்கேயே உழைத்து 1742இல் காலஞ்சென்ற யாகோமே கொன்சால்வெஸ் சுவாமி செய்த நூல் அது. அதே காலத்தில் நம் நாட்டில் வீரமாமுனிவர் 1726இல் முடித்த தேம்பாவணி 36 படலம், 3,615 பாட்டு. ஞாயிறு நீங்கலாக நாளைக்கு ஒரு படலம் என்று எடுத்துக்கொண்டால் தபசுகாலத்துக்குள் முடிந்துவிடும்; நாலு நாள் மிஞ்சவும் மிஞ்சும். படலத்துக்குச் சராசரி நூறு பாட்டு ஆகையால் முழுவதையும் வாசிக்க இக்காலத்தில் யாருக்கும் பொறுமை இராது. நல்ல பாட்டாகப் பத்தைப் பொறுக்கி, தமிழ் தெரிந்த ஒருவர் பொருள் சொல்ல, மற்றவர்கள் கேட்கலாம். சூசையப்பரைக் காவிய நாயகராக வைத்துப் பாடிய நூலை அவருடைய மாதத்தில் வாசிப்பது பொருத்தமும்கூட.

அண்டை வீட்டாரை மறப்பதற்கில்லை. 2025ஆம் வருஷம் விபூதிப் புதன் மார்ச் 5ஆம் தேதி. ரம்ஜான் நோன்பும் அந்த மாதத் தொடக்கத்திலேயே ஆரம்பமாயிற்று. அப்படிப்பட்ட வருஷங்களில் முஸ்லிம் அன்பர்கள் வீட்டு நோன்புக் கஞ்சி சாயங்காலம் நம் வீட்டுக்கும் வரும். அதில் கொத்துக்கறி போடுவது பலருடைய வழக்கம். வெள்ளிக்கிழமையாக இருந்தால் என்ன செய்வது என்று தயங்கி, வாங்கிவைத்துவிட்டு இரகசியமாகக் கொட்டுவது போன்ற பாவம் வேறில்லை. நோன்பின் அருமை தெரிந்தவர்களிடம் நம் நோன்பைச் சொல்லுவதற்கு என்ன கூச்சம்? “இன்றைக்கு எங்களுக்கும் விரதம், பாய்” என்று ஒரு வார்த்தை சொன்னால், அடுத்த வெள்ளி கறி போடாத கஞ்சி ஒரு தூக்கு நிறைய வந்து சேரும். நாமும் பயறுக் கஞ்சி ஒரு தூக்கு கொடுத்தனுப்பலாம். அவர்கள் நோன்பு திறக்கும் வேளைக்கு முன்பாகப் போய்ச் சேர வேண்டும்.

பெரிய வியாழக்கிழமை இரவு கேரளத்தின் சிரியன் ரீதிக் கத்தோலிக்கர் வீடுகளில் நடப்பதைத் தமிழ்க் குடும்பங்கள் அறிந்திருப்பது நன்மை. அவர்கள் விபூதியைத் திங்கட்கிழமையே பூசிக்கொண்டு ஐம்பது நோன்பு என்று அநுஷ்டிப்பவர்கள். அந்த வியாழன் இரவு, புளிக்காத மாவில் செய்த பெசகா அப்பத்தை வீட்டுத் தலைவர் ஜெபம் சொல்லிப் பிட்டு, மூத்தவர் முதல் இளையவர் வரையில் வரிசையாகப் பாலுடன் கொடுக்கிறார். கோவிலில் குருவானவர் செய்வதை வீட்டில் நினைவுகூரும் சடங்கு அது. அந்த வருஷத்தில் சாவு நிகழ்ந்த வீட்டில் அப்பம் சுடுவதில்லை; அயலார் தங்கள் வீட்டில் சுட்டதைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அப்படியே நாமும் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. நம் ரீதி வேறு. ஆனால் அன்றிரவு குடும்பம் முழுவதும் கைபேசி இல்லாமல் ஒரு பாயில் உட்கார்ந்து, தகப்பனார் கையால் ஆளுக்கு ஒரு துண்டு ரொட்டி வாங்கிச் சாப்பிடுவதற்கு எந்த ரீதியும் தடை சொல்லாது.

மறுநாள் பெரிய வெள்ளி. ஏழாவது கஞ்சி. சனிக்கிழமை மாலையில் பிடியரிசிக் கலயத்தையும் உண்டியலையும் கூடத்தில் வைத்துத் திறந்து, பிள்ளைகளே அளந்தும் எண்ணியும் பார்க்கட்டும். பாஸ்குத் திருப்பலிக்குப் போகும் முன்பாகவே அது உரியவர்கள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டுமல்லவா? ஆண்டவர் உயிர்த்த ஞாயிறன்று கறிக்கடைக்காரரை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். குருத்தோலை ஞாயிறன்று கொண்டுவந்த மந்திரித்த ஓலையைச் சுரூபத்தின் பின்னால் செருகிவைக்க மறக்க வேண்டாம். அடுத்த விபூதிப் புதனுக்குச் சாம்பல் எரிக்கப் பங்குக் கோவிலில் அதைத்தான் கேட்பார்கள். அப்போது தேடினால் அகப்படாது.